நல் சோதனை போட்டதும் கர்னல் விழுவது நின்றது: அது திருத்தமா?

சம்மாந்துறையிலிருந்து இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலுக்கு அவர் ஒரு சிறிய பிளொக் டிரைவர், அதாவது டிஸ்க் ஒன்றை இயக்கும் நிரல், எழுதியிருக்கிறார். லப்டொப்பில் அது சாதாரண டிஸ்க் போலத் தெரியும். ஆனால் வாசிப்பும் எழுத்தும் வைஃபை வழியாக அறை மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டொப்பில் போய்த்தான் நடக்கும். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. கரண்ட் போனால் இரண்டு கணினியும் உயிரோடு நிற்க, நடுவில் இருக்கும் ரவுட்டர் அணைந்துவிடும். 30 வினாடிக்குள் பதில் வராத கோரிக்கைகளை டிரைவர் பிழை என்று முடித்துவிடும். ஒரு நிமிடம் தாண்டியும் பதில் இல்லையென்றால் இணைப்பை மூடி டிஸ்க்கையே அகற்றும். அந்த இடத்தில்தான் கர்னல் ‘ஊப்ஸ்’ என்ற உள்பிழை அறிக்கையைக் காட்டி விழுந்திருக்கிறது. விழுந்த வரிக்கு மேலே “சாக்கெட் நல் என்றால் திரும்பிவிடு” என்று ஒரு வரி சேர்த்தாராம், விழுவது நின்றுவிட்டது. (சாக்கெட் என்பது நெட்வேர்க் இணைப்பின் முனை. அதன் மெமரி முகவரியை வைத்திருக்கும் பொயின்டர் எதையும் சுட்டாமல் வெறுமையாக இருப்பதுதான் ‘நல்’.) பிறகு ஒரு நாள் கரண்ட் சட்டென்று போய் வந்தபோது, அந்த டிஸ்க்கில் இருந்த ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, செக்சம் (தரவைச் சரிபார்க்கும் எண்) பிழை என்று கத்திவிட்டு ரீட்-ஒன்லி (வாசிக்க மட்டும்) ஆகியிருக்கிறது. அவர் கேட்பது மூன்று. நல் சோதனை போதுமா? ஈஎக்ஸ்டி4 பக்கத்தில் வழு இருக்கிறதா? 30 வினாடியை 5 நிமிடமாக்கினால் எல்லாம் சரிவராதா?

தம்பி, முதல் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். மூன்றாவதைக் கடைசியில் பார்ப்போம்.

நீங்கள் எடுத்த திரைப் படத்திலிருந்து தொடங்குவோம். அதில் நல் பொயின்டர் பிழை என்ற வரியில் முகவரி 0000000000000018 என்று இருக்கிறது. “நல் என்றால் பூச்சியம்தானே, பிறகு ஏன் 18?” என்று கேட்டிருந்தீர்கள். அந்த 18 பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், சாதாரணக் கணக்கில் 24. 64-பிட் கர்னலில் சாக்கெட் ஸ்ட்ரக்சரை (அதன் விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் மெமரி அமைப்பு), எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் பாஹோல் கருவியால் விரித்துப் பாருங்கள். நிலை, வகை, கொடிகள், ஃபைல் பொயின்டர் எல்லாம் சேர்ந்து முதல் 24 பைட்டைப் பிடித்திருக்கும். அடுத்ததாகத் தொடங்குவது ‘எஸ்கே’ என்ற உறுப்பு. ஆக, சாக்கெட் பொயின்டர் பூச்சியம், அதை நம்பி எஸ்கேயைத் தேடிப்போன இடம் 18. இப்படிச் சின்ன முகவரி ஒன்றைக் கண்டால் எந்த ஸ்ட்ரக்சரின் எத்தனையாவது பைட் என்று உடனே தேடுங்கள். கோட்டின் எந்த வரி என்பதை கர்னல் மூலத்தோடு வரும் ‘எஃப்-அட்ர்-டு-லைன்’ ஸ்கிரிப்ட் சொல்லிவிடும், அதற்கு டிபக் தகவலோடு பில்ட் செய்திருக்க வேண்டும்.

படத்தின் கீழ்ப்பாதியில் இன்னொரு ஊப்ஸ் தொடங்குகிறது. அதில் ‘டெயின்டட்’ என்ற வரியில் ‘டி’ (D) என்ற எழுத்து ஏறியிருப்பதைப் பாருங்கள். கர்னல் ஏற்கெனவே ஒருமுறை ஊப்ஸ் ஆகிவிட்டது என்பதற்கான குறி அது. பக்கத்தில் உள்ள ‘ஓ’, கர்னலுக்கு வெளியே எழுதிய மொடியூல் ஏற்றப்பட்டிருப்பதைச் சொல்கிறது, அது உங்களுடையதுதான். டி ஏறிய பிறகு வருகிற எதையும் வைத்துக் காரணம் தேடவேண்டாம். செத்துப்போன திரெட் (தனியாக ஓடும் வேலைத்தொடர்) பிடித்திருந்த லொக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பிடித்தபடியே கிடக்கும், அதில் மாட்டி மற்றவை ஒவ்வொன்றாக விழும். முதல் ஊப்ஸை முழுதாக எடுப்பதுதான் வேலை. வழக்கமாக இதற்கு நெட்கொன்சோல் போடச் சொல்வார்கள், ஆனால் அது செய்தியை நெட்வேர்க் வழியாக அனுப்புவது. நெட்வேர்க் செத்ததால் வரும் வழுவைப் பிடிக்க அதை வைத்து என்ன செய்வது? நிஜ லப்டொப்பில் என்றால் யூஈஎஃப்ஐ நினைவகத்தில் எழுதிவைக்கும் பிஸ்டோர் உதவும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, கீழே வருகிறேன்.

இப்போது நல் சோதனைக்கு வருவோம். உங்கள் கோட்டில் இரண்டு பேர் இயங்குகிறார்கள். ஒருவர் பதில்களை வாசித்துக்கொண்டே இருக்கும் ரிசீவ் திரெட். மற்றவர் டிஸ்க்கை அகற்றும் வேலை. அகற்றுபவர் சாக்கெட்டை மூடி, பொயின்டரை நல் ஆக்கி, அடுத்த வரியிலேயே கருவி ஸ்ட்ரக்சர் (உங்கள் டிஸ்க்கின் விவரமெல்லாம் இருக்கும் இடம்) முழுவதையும் ‘கேஃப்ரீ’ செய்துவிடுகிறார், அதாவது அதன் மெமரியை விடுவித்துவிடுகிறார். ரிசீவ் திரெட்டுக்கு இது எதுவும் தெரியாது. வாசிப்பில் பிழை வந்தால் மீண்டும் முயலும்படி எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அது சுற்றி வந்து கருவியின் சாக்கெட்டைத் தொடுகிறது. நீங்கள் சேர்த்த வரி அந்த நேரத்தில் கருவிக்குள் இருக்கும் பொயின்டரைத்தான் வாசிக்கிறது. கருவியோ ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட மெமரி. அந்த இடத்தை வேறு யாரும் இன்னும் எடுக்காததால் பழைய நல் அங்கேயே கிடந்திருக்கிறது, அதனால் தப்பித்தீர்கள்.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். பூட் வரியில் ஸ்லப் டிபக்கை ‘பி’ தெரிவோடு போட்டு ஏற்றுங்கள். அதன்பிறகு கர்னல், விடுவித்த மெமரியை 6பி என்ற பைட்டால் நிரப்பும். இப்போது நீங்கள் வாசிக்கும் சாக்கெட் பொயின்டர் 6பி6பி6பி6பி என்று நீளும். அது நல் அல்ல, ஆகவே உங்கள் சோதனையைத் தாண்டிப் போகும், அடுத்த வரியில் விழும். இம்முறை செய்தி ‘ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபோல்ட்’ என்று வரும், ஏனென்றால் எக்ஸ்86-64 இல் அது முறையான முகவரியே அல்ல. ரெஜிஸ்டர்களில் 6பி வரிசையைக் கண்டால் விடுவித்ததைத் தொட்டிருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘டெட்’ என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரியைக் கண்டால், லிஸ்ட்டிலிருந்து ஏற்கெனவே கழற்றிய ஒன்றை மீண்டும் தொட்டிருக்கிறோம்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. உங்கள் நல் சோதனைக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் 5 வினாடி ‘எம்ஸ்லீப்’ (ஓட்டத்தை நிறுத்திவைக்கும் அழைப்பு) ஒன்றைப் போட்டு, அந்த இடைவெளியில் டிஸ்க்கை அகற்றுங்கள். பழைய ஊப்ஸ் அப்படியே திரும்பி வரும். சோதித்த கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் நடுவில் மற்றவர் நுழைய இடம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எம்ஸ்லீப் இல்லாதபோது அந்த இடைவெளி நனோவினாடிகள்தான், ஆனால் இருக்கத்தான் செய்கிறது. வைவாவில் யாராவது “நல் சோதனை போட்டால் போதாதா” என்று கேட்டால், விளக்கம் சொல்லாமல் இதை ஓட்டிக் காட்டிவிடுங்கள்.

சரி, இனி ஈஎக்ஸ்டி4. எனக்கு இந்தக் கேள்வியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கவலை தரும் பகுதியும் இதுதான்.

கர்னலில் டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளொக் அடுக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘டேக்’ என்று ஒரு எண் கொடுக்கும். வரிசையின் ஆழம் 64 என்றால் 0 முதல் 63 வரை. கோரிக்கை முடிந்ததும் எண் திரும்பிப் போகும், அடுத்து வருபவருக்கு அதே எண் கிடைக்கும். நீங்கள் அந்த டேக்கை மட்டும் பொதியில் வைத்து சேர்வருக்கு அனுப்புகிறீர்கள், பதில் வந்ததும் டேக்கை வைத்துக் கோரிக்கையைக் கண்டுபிடிக்கிறீர்கள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுக்கும் நம்பர் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். 7ஆம் இலக்கக்காரர் காத்திருந்து அலுத்து வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய துண்டை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது லேபிலிருந்து பழைய 7ஆம் இலக்கத்தின் இரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. கூப்பிட்டால் எழும்புவது யார்?

கரண்ட் 40 வினாடி போய் வந்த அந்த நாளில் உங்களிடம் நடந்தது இதுதான். 30ஆவது வினாடியில், நேரம் கடந்தால் ஓடும் டைம்அவுட் ஹேண்ட்லர் கோரிக்கைகளைப் பிழை என்று முடித்தது. டேக்குகள் விடுபட்டன. ஈஎக்ஸ்டி4 வேறு பிளொக்குகளைக் கேட்டது, அதே டேக்குகள் புதுக் கோரிக்கைகளுக்குப் போயின. ரவுட்டர் எழும்பியது. டிசிபி இணைப்பு அறுந்திருக்கவில்லை, ரவுட்டர் அணைந்தது இரண்டு முனையிலும் டிசிபிக்குத் தெரியவே தெரியாது. சேர்வர் அனுப்பி வழியில் நின்றிருந்த பழைய பதில்கள் மறுபடி அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தன. உங்கள் ரிசீவ் திரெட் டேக்கைப் பார்த்து, பழைய பிளொக்கின் தரவைப் புதுக் கோரிக்கையின் மெமரிப் பக்கத்தில் கொட்டிவிட்டு ‘வெற்றி’ என்று முடித்தது. இரண்டும் 4 கிலோபைட் வாசிப்பு என்றால் நீளத்தை வைத்துக்கூட யாரும் சந்தேகப்பட முடியாது. ஈஎக்ஸ்டி4 மெட்டாடேட்டாவை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது போன்ற தன் சொந்தக் குறிப்புகளை) வாசித்துப் பார்த்தால் செக்சம் ஒத்துவரவில்லை, கத்தியது. உங்கள் கர்னல் பதிவேட்டில் வாசிப்புப் பிழைகள் முதலிலும் செக்சம் பிழை பிறகும் வரிசையாக இருப்பது இதனோடு பொருந்துகிறது.

ஈஎக்ஸ்டி4 இங்கே குற்றவாளி அல்ல, சாட்சி. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் செக்சம் மெட்டாடேட்டாவுக்கு மட்டும்தான், கோப்புகளின் உள்ளடக்கத்துக்குக் கிடையாது. மெட்டாடேட்டா தப்பி, உங்கள் ஆய்வறிக்கையின் நடுப்பக்கம் இப்படி மாறியிருந்தால் ஒரு சத்தமும் வந்திருக்காது. அதனால்தான் நல் சோதனையை ஓர் ஆறுதலாகக்கூட ஏற்க எனக்கு மனமில்லை. சேமிப்பகக் கோட்டில் ஊப்ஸ் ஆகி விழுவது மோசம், விழாமல் பிழையான தரவைக் கொடுத்துக்கொண்டே ஓடுவது அதைவிட மோசம்.

கோப்பு முறைமை கத்தினால் கோப்பு முறைமையைச் சந்தேகிப்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2018 இறுதியில் 4.19 கர்னலுக்கு மாறிய பலருக்கு ஈஎக்ஸ்டி4 சிதையத் தொடங்கியது. முதலில் எல்லோர் கண்ணும் ஈஎக்ஸ்டி4 மேல்தான். தேடித் தேடிப் போனால் வழு இருந்தது அதற்குக் கீழே, பிளொக் அடுக்கின் பிஎல்கே-எம்கியூ பகுதியில். கோரிக்கைகளை ஒழுங்குபடுத்தும் ஐ/ஓ ஷெட்யூலர் இல்லாத நிலையில் கோரிக்கையை நேரே டிரைவருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். டிரைவர் “இப்போது முடியாது” என்றால் திரும்ப வரிசையில் வைப்பார்கள். அதற்குள், டிஸ்க் டிரைவர்கள் பலவற்றுக்குப் பொதுவான ஸ்கஸி அடுக்கு அந்தக் கோரிக்கைக்கான மெமரி அட்டவணையைத் தயாரித்திருக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தில் பக்கத்துப் பிளொக்கின் கோரிக்கை ஒன்று இதனோடு ஒட்டிவிட்டால் அட்டவணை பழையதாகிவிடும். பிறகு ஓடும்போது முதலில் இருந்த பகுதி மட்டும்தான் வாசிக்கப்படும் அல்லது எழுதப்படும். டிசம்பரில் பிளொக் அடுக்கின் பராமரிப்பாளர் ஜென்ஸ் அக்ஸ்போ இதற்கான திருத்தத்தைப் போட்டார், 4.19.8இல் வந்தது. அங்கும் யாருமே விழவில்லை, தரவுதான் போனது.

இனித் திருத்தம். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. ஒரு கோரிக்கையை முடிக்கும் உரிமை இந்தக் கணத்தில் யாருக்கு? கருவியை விடுவிக்கும் உரிமை யாருக்கு? இப்போது உங்கள் கோட்டில் முதல் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது: ரிசீவ் திரெட்டும் முடிக்கிறது, டைம்அவுட் ஹேண்ட்லரும் முடிக்கிறது. ரிசீவ் திரெட் தரவை மெமரிப் பக்கத்தில் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே ஹேண்ட்லர் அதே கோரிக்கையை முடித்துவிட்டால், அந்தப் பக்கம் வேறு யாருக்கோ போய்விடும், நிரப்புவது தொடரும். இதை இன்னும் நீங்கள் காணவில்லை, அவ்வளவுதான்.

கர்னலோடு வரும் என்பிடி (நெட்வேர்க் வழி டிஸ்க்) டிரைவர் கிட்டத்தட்ட உங்களுடைய வேலையையே செய்வது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு லொக் உண்டு. டைம்அவுட் ஹேண்ட்லர் அந்த லொக்கை எடுக்க முயலும், கிடைக்காவிட்டால் “யாரோ இதில் வேலை செய்கிறார்” என்று டைமரை மீட்டமைத்துவிட்டுப் போய்விடும். லொக் கிடைத்தால், ‘பறக்கிறது’ என்ற கொடியை யார் இறக்குகிறார்களோ அவர்தான் முடிப்பார். பொதியில் போகும் 64-பிட் அடையாளத்தில் பாதி டேக், மீதிப் பாதி குக்கி, அதாவது ஒவ்வொரு முறையும் மாறும் தொடரெண். பதிலில் குக்கி பொருந்தாவிட்டால் அந்தப் பதிலை ஏற்காது. குக்கியை நீங்களும் இன்றே சேருங்கள். பத்து வரிகூட வராது.

ஆனால் லொக் வழியை நீங்கள் அப்படியே எடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என்பிடிக்கு ஒரே நேரத்தில் பல இணைப்புகள், மறு இணைப்பு என்று தேவைகள் அதிகம். உங்களிடம் ஒரே சாக்கெட். நான் எழுதுவதாக இருந்தால் டைம்அவுட் ஹேண்ட்லரின் அதிகாரத்தைப் பறித்துவிடுவேன். அது எதையும் முடிக்காது, எதையும் மூடாது. இணைப்பு செத்தது என்று கொடி வைத்து, மீட்பு வேலையை வேர்க்கியூவில் (பிறகு ஓடவேண்டிய வேலைகளின் வரிசை) போட்டு, ‘ரீசெட் டைமர்’ என்று திரும்பிவிடும். மீதி எல்லாம் மீட்பு வேலை என்ற ஒரே இடத்தில்.

அந்த வேலையின் வரிசை முக்கியம். முதலில் சாக்கெட்டை ‘ஷட்டவுன்’ மட்டும் செய்யுங்கள், விடுவிக்க வேண்டாம், நல் ஆக்கவும் வேண்டாம். ஷட்டவுன் ஆனதும் வாசித்துக்கொண்டிருப்பவரும் அனுப்பிக்கொண்டிருப்பவரும் பிழையோடு வெளியே வருவார்கள். பிறகு வரிசையை ‘குவையஸ்’ செய்யுங்கள், அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் அனுப்பும் ஃபங்ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், நிரம்பிய சாக்கெட்டில் அனுப்ப முடியாமல் நிற்பவருக்காகக் காத்திருந்து நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்து ரிசீவ் திரெட் முடியும்வரை காத்திருங்கள். அது முடிந்த கணத்திலிருந்து கோரிக்கையைத் தொடக்கூடியவர் மீட்பு வேலை மட்டும்தான். அதற்கு முன்பு ரிசீவ் திரெட் மட்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பதால் கட்டளைக்கொரு லொக்கே தேவைப்படாது. இப்போது சாக்கெட்டை நிம்மதியாக விடுவிக்கலாம். பறந்துகொண்டிருந்த கோரிக்கைகளை டேக்செட் (எல்லா டேக்குகளின் தொகுப்பு) முழுவதும் நடந்து எடுத்து, மறுபடி இணைக்கப்போகிறீர்கள் என்றால் வரிசைக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் ஐ/ஓ பிழை என்று முடியுங்கள். பிறகு வரிசையைத் திறந்துவிடுங்கள்.

மறு இணைப்பில் ஒரு பொறி. பழைய இணைப்பில் போன எழுத்து ஒன்று சேர்வர் பக்கத்தில் தேங்கி நின்று, நீங்கள் புது இணைப்பில் அனுப்பிய எழுத்துக்குப் பிறகு டிஸ்க்கில் இறங்கினால் பழைய தரவு புதியதை மூடிவிடும். ஆகவே சேர்வர் பழைய இணைப்பின் வேலைகளை முடித்து மூடிய பிறகுதான் புதியதை ஏற்கவேண்டும். இது கர்னலில் திருத்த முடியாத விஷயம், உங்கள் சேர்வர் நிரலில்தான் எழுதவேண்டும்.

டிஸ்க்கை அகற்றுவதற்கு ‘டெல்-ஜென்டிஸ்க்’ அழைக்கிறீர்கள். அதை டைம்அவுட் ஹேண்ட்லருக்குள் மட்டும் அழைத்துவிடாதீர்கள். புதிய கர்னல்களில் அது வரிசையை உறையவைத்து, உள்ளே நிற்கும் எல்லாம் முடியும்வரை காத்திருக்கும். ஹேண்ட்லரை ஓட்டும் வேலையே வரிசையின் கணக்கில் ஒரு பிடி வைத்திருக்கிறது. தானே பிடித்துக்கொண்டு தானே விடுபடக் காத்திருக்கும் நிலை, முடிவே வராது. மீட்பு வேலையில், மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு அழைத்தால் பிரச்சினை இல்லை.

கடைசியாகக் கருவியை விடுவிப்பது. டிஸ்க்கை அகற்றியாயிற்று என்பதால் எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஈஎக்ஸ்டி4 அதை மவுண்ட் செய்தபடி பிடித்துக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து நீங்கள் அன்மவுண்ட் செய்யும்போது உங்கள் டிரைவரின் ‘ரிலீஸ்’ ஃபங்ஷன் அழைக்கப்படும், அது கருவியைத் தொடும். அந்த நேரம் விழுந்தால் கரண்ட் போனதோடு யாரும் இதைத் தொடர்புபடுத்தக்கூட மாட்டார்கள். 5.18 முதல் ‘ஃப்ரீ-டிஸ்க்’ என்று ஒரு அழைப்பு இருக்கிறது. டிஸ்க்கைப் பிடித்திருந்த கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அது வரும். கேஃப்ரீ இருக்கவேண்டிய இடம் அதுதான்.

சோதிப்பதற்குக் கரண்ட் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். அப்படி ஒரு குரங்கை நம்பி வழு தேட முடியாது. லப்டொப்புக்குள்ளேயே கியூஎமுவில் மெய்நிகர் கணினி ஒன்றை ஓட்டி, அதன் சீரியல் போர்ட்டை ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். கர்னல் எப்படி விழுந்தாலும் முதல் ஊப்ஸ் முதல் வரியிலிருந்து அந்தக் கோப்பில் இருக்கும், படம் எடுக்கும் வேலையே இல்லை. சேர்வர் நிரலும் அதே லப்டொப்பில் ஓடட்டும். டைம்அவுட்டை 30இலிருந்து 2 வினாடியாகக் குறைத்து, சேர்வர் ஒவ்வொரு பதிலையும் 1.9க்கும் 2.1க்கும் இடையில் தற்போக்காகத் தாமதித்து அனுப்பும்படி மாற்றுங்கள். பதிலும் டைம்அவுட்டும் ஒன்றையொன்று முட்டும் கணத்தை இப்படி ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் உருவாக்கலாம். நிஜ ரவுட்டரில் அதற்கு ஒரு வருடமும் போதாது.

அந்தக் கர்னலை, மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கஸான் சேர்த்துப் பில்ட் செய்யுங்கள். மெமரியில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும், ஆனால் விடுவித்ததைத் தொட்டால் மூன்று அழைப்பு வரிசைகளைக் காட்டும்: இப்போது தொட்டது யார், முதலில் ஒதுக்கியது யார், விடுவித்தது யார். உங்கள் பழைய கோட்டை ஒருமுறை அதில் ஓட்டியிருந்தால் இந்தக் கேள்வியே தேவைப்பட்டிருக்காது. லொக்குகளின் பிழையான பயன்பாட்டைப் பிடிக்கும் லொக்டெப்பையும் சேர்த்துவிடுங்கள். சாக்கெட்டில் அனுப்புவது தூங்கக்கூடிய வேலை, ஆகவே டேக்செட்டில் ‘பிளொக்கிங்’ கொடி இல்லாமல் அனுப்பும் ஃபங்ஷனிலிருந்து அதைச் செய்தால் கர்னல் எச்சரிக்கும். உங்கள் கோட்டில் அந்தக் கொடியை நான் காணவில்லை.

மேலே, டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்ஐஓ நிரலை ‘வெரிஃபை’ தெரிவோடு ஓட்டுங்கள். அது எழுதியதைத் திரும்ப வாசித்து, பிளொக்குக்குப் பிளொக் செக்சம் பார்க்கும். ஈஎக்ஸ்டி4 கண்டுபிடிக்காத சிதைவையும் அது காட்டும். குக்கி பொருந்தாமல் தள்ளிய பதில்களுக்கு டிரைவரில் ஒரு எண்ணி வையுங்கள். குக்கியை மட்டும் சேர்த்து, மீட்பு வேலையை இன்னும் எழுதாத நிலையில் அந்த எண்ணி ஏறிக்கொண்டே போகவேண்டும், எஃப்ஐஓ டைம்அவுட் பிழைகளைக் காட்டினாலும் செக்சம் பிழை காட்டக்கூடாது. மீட்பு வேலையும் வந்த பிறகு, டைம்அவுட் ஆன இணைப்பில் பழைய பதில் வரவே வழியில்லை என்பதால், எண்ணி பூச்சியத்திலேயே நிற்கவேண்டும். அப்போதும் ஏறினால் சேர்வரில் வழு இருக்கிறது.

திருத்தத்தை ஒரே கொமிட்டாகப் போடாதீர்கள். குக்கி ஒன்று, மீட்பு வேலை ஒன்று, ஃப்ரீ-டிஸ்க் ஒன்று, நல் சோதனையை நீக்குவது இன்னொன்று. ஒவ்வொன்றின் செய்தியிலும் எந்த இருவர் எந்த வரிசையில் ஓடினால் வழு வரும் என்று எழுதுங்கள். “கிரேஷ் திருத்தப்பட்டது” என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது.

30 வினாடியை 5 நிமிடமாக்கும் யோசனை மட்டும் மீதி. அந்த 30, நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் பிளொக் அடுக்கு தானாக எடுத்துக்கொள்ளும் அளவு, மாற்றுவதில் தவறில்லை. ஆனால் 5 நிமிடமும் அந்த டிஸ்க்கைத் தொட்ட நிரல்கள் எல்லாம் ‘டி’ நிலையில் (இடையில் எழுப்ப முடியாத தூக்கம்) உறைந்து நிற்கும், பெரும்பாலும் கில் செய்தாலும் சாகாது. 120 வினாடி தாண்டியதும் கர்னல் “டாஸ்க் நின்றுபோயிருக்கிறது” என்று பதிவேட்டை நிரப்பத் தொடங்கும். ரவுட்டர் எழும்ப எடுக்கும் நேரத்தை அளந்து, அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், உங்களுக்கு 90 வினாடி போதும் என்று நினைக்கிறேன். மீட்பு வேலை எழுதி முடித்த பிறகு மாற்றுங்கள். இப்போதே மாற்றினால் 40 வினாடி கரண்ட் போகும் நாட்களில் வழு தெரியாது, 2 நிமிடம் போகும் நாளில் பழையபடி வரும்.